துணி டயப்பரில் மஞ்சள் கறை: வெந்நீரில் தொடங்கி வெயிலில் முடிந்த கதை

பாப்பா பிறப்பதற்கு முன்பே வேலைகளைப் பிரித்துக்கொண்டோம். பால் கொடுப்பது மனைவி, டயப்பர் துவைப்பது நான். மொத்தம் 24 வாங்கி வைத்திருந்தோம். 12 சதுரமான வெள்ளைப் பருத்தித் துணிகள், மடித்துக் கட்டுவதற்கு. மீதி 12 பாக்கெட் டயப்பர்கள், உள்ளே இன்சர்ட் என்கிற உறிஞ்சும் பட்டையைச் செருகுகிற வகை. முதல் இரண்டு வாரம் முடிவதற்குள் அந்த வெள்ளைத் துணிகளில் ஒன்றுகூட வெள்ளையாக இல்லை.

முதல் இரண்டு மூன்று நாள் காட்டுப்பீ. கருப்பும் பச்சையும் கலந்த, தார் மாதிரி ஒட்டுகிற மலம். அதற்கு யாரோ சொல்லியிருந்தபடி பழைய மெல்லிய துணியை உள்ளே லைனராகப் போட்டோம். அது கறைபட்டதும் தூக்கி எறிந்துவிட்டோம். அந்த யோசனைக்கு இன்றும் நன்றி சொல்வேன், ஏனென்றால் காட்டுப்பீ நல்ல துணியில் இறங்கினால் பிறகு அதோடு போராட வேண்டியிருக்கும். அதற்கடுத்து வந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தையின் மலம் தண்ணீரில் எளிதாகக் கரையும், நாற்றமும் குறைவு. ஆனால் அது விட்டுப்போகிற மஞ்சள் மட்டும் போகவே மாட்டேன் என்கிறது.

நான் முதலில் செய்தது வெந்நீர் வைத்ததுதான். அழுக்கு என்றால் சூடு, கறை என்றால் இன்னும் சூடு என்பதே என் மனதில் இருந்த கணக்கு. கொதிக்கிற நீரைத் துணிகள் மேல் அப்படியே ஊற்றி ஒரு மணி நேரம் மூடி வைத்தேன். திறந்து பார்த்தால் மஞ்சள் முன்பைவிட அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. பின்னால் நின்று பார்த்த அம்மா சொன்னார்: "முதல்ல பச்சைத் தண்ணில அலசுடா. கொதிக்கக் கொதிக்க ஊத்தினா கறை நூலுக்குள்ள போய் உக்காந்துக்கும்."

அம்மா காரணம் சொல்லவில்லை. காரணத்தை நான் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். மலத்தில் புரதம் இருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு சூடு பட்டதும் எப்படி இறுகிப்போகிறதோ, அதே மாதிரி புரதம் சூட்டில் உருமாறி நூலிழைகளுக்கு இடையில் பிடித்துக்கொள்ளும். இரத்தக் கறைக்கும் இதே விதிதான். ஆகவே முதல் அலசல் எப்போதும் குளிர்ந்த நீரில். குழாயை வேகமாகத் திறந்து, துணியின் பின்பக்கத்திலிருந்து நீர் பாயும்படி பிடிக்க வேண்டும். முன்பக்கத்தில் அடித்தால் மலம் இழைக்குள் இன்னும் ஆழமாகப் போகும். பின்னாலிருந்து அடித்தால் வந்த வழியே வெளியே தள்ளப்படும். இந்த ஒரு மாற்றத்திலேயே கறை பாதியாகக் குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன். எவ்வளவு சீக்கிரம் அலசுகிறோமோ அவ்வளவு நல்லது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து அலசச் சொல்ல மாட்டேன். ஆனால் கழற்றிய கையோடு ஒரு குழாய் நீர் காட்டி வைத்தால் காலையில் வேலை பாதிதான்.

அடுத்தது என்சைம் உள்ள சலவைத்தூள். பெரும்பாலான நல்ல சலவைத்தூள்களின் பாக்கெட்டில் என்சைம் இருக்கிறதா என்று போட்டிருக்கும். புரோட்டியேஸ் புரதத்தை அறுக்கும், லிப்பேஸ் கொழுப்பை அறுக்கும், அமிலேஸ் மாவுச்சத்தை அறுக்கும். இவை அவசரத்துக்கு வேலை செய்யாது, நேரம் கொடுக்க வேண்டும். தூளைக் கொஞ்சம் நீரில் குழைத்துக் கறை மேல் தடவி அரை மணி நேரம் விட்டுவிடுவேன். பிறகு கைபொறுக்கும் வெதுவெதுப்பில், 40 டிகிரி போல, துவைப்பேன். கொதிநீரில் என்சைம் செயலிழந்துவிடும். அதனால் இங்கேயும் கொதிநீர் எதிரிதான். பிரஷ்ஷால் பலமாகத் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். தேய்த்தால் பருத்தி நூல் பிசிறுபிசிறாக எழும்பும், அந்தப் பிசிறுகளில் அடுத்த கறை இன்னும் நன்றாக ஒட்டும். கம்பளியில் செய்த மேல்கவர் வைத்திருப்பவர்கள் என்சைம் தூளை அதன் பக்கமே கொண்டுபோக வேண்டாம். கம்பளியே புரதம், தூள் அதையும் அறுக்கத் தொடங்கிவிடும்.

இவ்வளவு செய்த பிறகும் ஒரு வெளிர்மஞ்சள் மிச்சம் நின்றது. சோப்பு எவ்வளவு போட்டாலும் அசையவில்லை.

ஒரு நாள் அதையெல்லாம் ஈரத்தோடு கொடியில் போட்டுவிட்டு வேறு வேலையில் மறந்துபோனேன். மாலையில் எடுக்கும்போது துணிகள் வெள்ளையாக இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோடு மட்டும் மஞ்சளாக நின்றது, கொடிக்கு மேல் மடிந்து நிழலாகிப்போன இடத்தில். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். ஒரே துணி, ஒரே கறை, ஒரே சலவை. வெளிச்சம் பட்ட இடத்தில் கறை இல்லை, படாத இடத்தில் இருக்கிறது.

அந்த மஞ்சளின் பெயர் பிலிரூபின். பழைய இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது உடலில் உண்டாகிற நிறமி. கல்லீரல் வழியாகப் பித்தத்தில் கலந்து குடலுக்கு வருகிறது. பெரியவர்களின் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதை மாற்றி மாற்றி, கடைசியில் பழுப்பு நிறமான ஸ்டெர்கோபிலினாக ஆக்கிவிடுகின்றன. பச்சிளங்குழந்தையின் குடலில் அந்த பாக்டீரியாக்கள் இன்னும் குடியேறி முடிக்காததால் பிலிரூபின் நிறம் மாறாமல் அப்படியே வெளியே வருகிறது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தால் தோலில் தெரிகிற மஞ்சளும் இதே நிறமிதான். அதற்கு நீல விளக்கின் கீழ் படுக்கவைத்துச் சிகிச்சை தருவதும் இதனால்தான். பிலிரூபின் நீல ஒளியை உறிஞ்சி உருமாறிவிடும். உருமாறியது நீரில் எளிதாகக் கரையும்.

அந்தச் சிகிச்சை தொடங்கிய கதையைப் படித்தபோது என் கொடிக்கோடு நினைவுக்கு வந்து சிலிர்த்துப்போனேன். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், ராச்ஃபோர்டு பொது மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சிஸ்டர் வார்டு என்ற செவிலியர். குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வெயில் காட்டுவது அவர் வழக்கம். 1956இல் ஒரு குழந்தையை அவர் மருத்துவரிடம் காட்டினார். உடலெல்லாம் மஞ்சள் வெளிறியிருக்க, துணியின் முனை மூடியிருந்த இடத்தில் மட்டும் ஒரு முக்கோணம் அடர்மஞ்சளாக நின்றது. அதே மருத்துவமனையில், ஜன்னலோரம் வெயிலில் இருந்துவிட்ட சோதனைக் குழாய் இரத்தத்திலும் பிலிரூபின் அளவு குறைந்திருப்பதைக் கண்டார்கள். 1958இல் அங்கிருந்த மருத்துவர் கிரீமரும் உடன் பணிசெய்தவர்களும் லான்செட் மருத்துவ இதழில் ஒளிச்சிகிச்சை பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே குழந்தையின் தோலில் முக்கோணம், இங்கே என் கொடியில் ஒரு கோடு. கவனித்துப் பார்த்த ஒரு செவிலியரால் எத்தனை பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது, துணி உலர்த்தும் வேலையைச் சலிப்போடு செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

வெயிலில் போடுவதற்கும் ஒரு முறை உண்டு. துணி ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்துவிட்டால் தெளிப்பானால் மறுபடி நனைத்துவிடுவேன். கறை பட்ட பக்கம் வெளிச்சத்தைப் பார்க்கும்படி விரித்து, கொடியில் மடித்துப் போடாமல், இரண்டு மூலையிலும் கிளிப் மாட்டித் தொங்கவிட வேண்டும். மேகம் மூடிய நாளிலும் இது நடக்கும், நேரம்தான் கூடும். வெளியே கொடி கட்ட வசதியில்லாதவர்கள் ஜன்னலோரம் போட்டாலும் போதும், நீல ஒளி கண்ணாடியைத் தாண்டி வரும். பிடிவாதமான கறைக்கு எலுமிச்சைச் சாற்றைப் பாதிக்குப் பாதி நீர் கலந்து தடவி வெயிலில் வைத்திருக்கிறேன். வெள்ளைத் துணிக்கு மட்டும்தான் அது, நிறத்துணி வெளுத்துவிடும். பிறகு நன்றாக அலச வேண்டும், சாறு மிச்சமிருந்தால் குழந்தையின் தோல் எரியும். உண்மையைச் சொன்னால், எலுமிச்சை இல்லாமலே வெயில் பெரும்பாலும் முடித்துவிடுகிறது.

பாக்கெட் டயப்பர்களின் வெளி உறையை மட்டும் மணிக்கணக்கில் வெயிலில் காயவிடாதீர்கள். அது துணியின் பின்னால் பாலியூரித்தேன் படலம் ஒட்டியது. கடும் சூட்டில் படலம் விரிசல் விடும், எலாஸ்டிக் தளரும். அதன் உட்பக்கம் பெரும்பாலும் பாலியெஸ்டர் என்பதால் கறையும் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பிடித்தாலும் ஒரு மணி நேர வெயில் காட்டி நிழலுக்கு மாற்றிவிடுவேன். இஸ்திரிப் பெட்டி, கொதிநீர் இரண்டுமே அதற்கு ஆகாது.

இந்தப் பாடத்தைக் கற்று இரண்டு மாதம் நிம்மதியாகப் போனது. பிறகு தொடர்ந்து பத்து நாள் மழை. வெயில் இல்லை, மஞ்சள் சேர்ந்துகொண்டே போனது. விருந்தினர் வருகிற நாளில் அதைக் கொடியில் போட எனக்குக் கூச்சமாக இருந்தது. குளோரின் பிளீச்சை எடுத்தேன்.

அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் பயம் வருகிறது. இரவு முழுக்கப் போட்டிருந்த, சிறுநீரில் ஊறிய டயப்பர்கள் ஒரு மூடிய வாளியில் இருந்தன. அவற்றை அலசாமல், வாளியிலேயே பிளீச்சை ஊற்றினேன். சில விநாடியில் கண் எரிந்தது, தொண்டையைப் பிடித்து இருமல் வந்தது. சிறுநீரில் உள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக உடைத்து வைத்திருக்கும். ராத்திரி டயப்பரைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற நெடி அதுதான். அம்மோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சுப்புகை கிளம்பும். குளியலறைக் கதவு திறந்திருந்தது, நான் உடனே வெளியே வந்துவிட்டேன், பாப்பா வேறு அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் வரவில்லை. பிளீச்சோடு வினிகரோ வேறு அமிலமோ கலப்பதும் இதே அளவு ஆபத்து, அப்போது வருவது குளோரின் வாயு. "ரெண்டையும் சேர்த்தா ரெண்டு மடங்கு சுத்தம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

அந்தச் சலவையில் போன ஆறு பாக்கெட் டயப்பர்களின் எலாஸ்டிக் சில வாரங்களில் முறுக்கிழந்து தொய்ந்துபோனது. தொடைப் பக்கம் ஒழுகத் தொடங்கியது. அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை.

குளோரினுக்குப் பதில் இன்று நான் வைத்திருப்பது சோடியம் பெர்கார்பனேட். ஆக்சிஜன் பிளீச் என்று விற்பார்கள். வெதுவெதுப்பான நீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொடுக்கும். கடைசியில் மிஞ்சுவது நீர், ஆக்சிஜன், சலவைச் சோடா மட்டுமே. முதலில் துவைத்து முடித்த வெள்ளைப் பருத்தித் துணிகளை, ஐந்து லிட்டர் சூடான நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி என்ற கணக்கில் நான்கு மணி நேரம் ஊறவைக்கிறேன். பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே கடைப்பிடியுங்கள். கரைத்த நீரைப் புட்டியில் அடைத்து வைக்கக் கூடாது, ஆக்சிஜன் வெளியேற வழியில்லாமல் புட்டி வெடிக்கலாம். ஊறவைக்கும் வாளியைக் குழந்தைகள் எட்டாத இடத்தில், மூடி போட்டு வையுங்கள். தவழ ஆரம்பித்த குழந்தைக்குச் சில அங்குல ஆழத் தண்ணீரே உயிருக்கு ஆபத்து. அதனால்தான் அழுக்கு டயப்பர்களைத் தண்ணீரில் போட்டு வைக்கிற பழக்கத்தையே விட்டுவிட்டேன். அலசிப் பிழிந்து, காற்றுப் புகுகிற கூடையில் போட்டு, இரண்டு நாளுக்கு ஒரு முறை துவைக்கிறேன்.

வெண்மையைத் துரத்தியதில் இன்னொரு கெடுதலும் செய்தேன். சலவைத்தூளை இரண்டு மடங்காகப் போட்டேன், மணக்கட்டும் என்று துணி மென்மையாக்கும் திரவத்தையும் சேர்த்தேன். நான்காம் மாதம் பாப்பாவின் தொடையிடுக்கில் சிவந்து தடித்தது. மருத்துவர் மருந்து எழுதுவதற்கு முன் கேட்ட கேள்வி: "எதுல துவைக்கிறீங்க, எத்தனை தடவை அலசுறீங்க?" வீட்டுக்கு வந்ததும், துவைத்துக் காய்ந்த ஒரு டயப்பரை வெறும் தண்ணீரில் போட்டுக் கும்மினேன். நுரை எழும்பி அப்படியே நின்றது. அந்த நுரையின் மேல்தான் என் பிள்ளை இரவெல்லாம் படுத்திருந்திருக்கிறாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, துணியை என் கையிலிருந்து வாங்கி மறுபடி அலசினாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மென்மையாக்கும் திரவம் நூலின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு விடும், அதன்பின் துணி சிறுநீரை உறிஞ்சாது. உப்புத் தண்ணீரில் கட்டிச் சோப்பு போட்டாலும் இதே கதி: நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பான படிவாகத் துணியில் தங்கிவிடும். சோதித்துப் பார்ப்பது எளிது. காய்ந்த துணி மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். உடனே உள்ளே போனால் நல்லது. முத்து மாதிரி உருண்டு நின்றால் படிவு இருக்கிறது, சூடான வெறும் நீரில் நுரை அடங்கும்வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அலசும் முறைகளைக் கூட்டி, தூளை அளவோடு போட்டு, திரவத்தை நிறுத்திய பிறகு பாப்பாவின் சிவப்பு சில நாளில் அடங்கியது.

அதிலிருந்து டயப்பர் சுத்தமா என்று பார்க்க மூக்கையும் அந்த ஒரு சொட்டு நீரையும்தான் நம்புகிறேன். காய்ந்த துணியில் எந்த வாசனையும் இருக்கக் கூடாது, மலர் வாசனைகூட. வெளிர்மஞ்சள் ஒரு நிறமி, அவ்வளவுதான். நன்றாகத் துவைத்து அலசிய துணியில் அது இருப்பதால் குழந்தைக்கு ஒரு கெடுதலும் இல்லை. வயிற்றுப்போக்கு இருந்த நாட்களில் மட்டும், கறை போகுதோ இல்லையோ, குளிர்ந்த நீரில் அலசிய பிறகு பருத்தித் துணிகளை 60 டிகிரியில் ஒரு முறை துவைத்துவிடுவேன். நீலம் போட்டால் வெள்ளையாகத் தெரியுமே என்று கேட்பார்கள். நீலம் மஞ்சளை எடுக்காது, கண்ணுக்கு மறைக்கும். குழந்தையின் தோலில் நாள் முழுக்க ஒட்டியிருக்கிற துணிக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

மெஷினில் துவைப்பவர்களுக்கு: முதலில் குளிர்ந்த நீரில் ஒரு சின்ன ஓட்டம், பிறகு தூள் போட்டுப் பெரிய ஓட்டம். டிரம்மை முக்கால் பங்குக்கு மேல் அடைக்காதீர்கள், துணி புரளவே இடம் இருக்காது. கறை இருக்கும்போதே டிரையரில் போட்டுவிடாதீர்கள், சூடு அதைப் பதியவைத்துவிடும்.

தடிப்புக்குப் போடுகிற துத்தநாகக் களிம்பும் பெட்ரோலியம் ஜெல்லியும் வேறு விதமான தொல்லை. சாம்பல் நிறத்தில் எண்ணெய்த் திட்டாக நிற்கும், வெயிலுக்கு மசியாது. பாத்திரம் துலக்கும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டு விரலால் தேய்த்து, சூடான நீரில் அலசினால் விடும். புரதம் இல்லாததால் இங்கே சூடு நண்பன். களிம்பு போடும் நாட்களில் லைனர் வைத்துவிடுவதே புத்திசாலித்தனம். இரும்புச்சத்துச் சொட்டு மருந்து ஆரம்பித்தபோது மலம் கரும்பச்சையானது, கறையும் கருமையானது. பெர்கார்பனேட்டில் இரண்டு முறை ஊறவைத்தபின்தான் மங்கியது. திட உணவு தொடங்கியதும் மஞ்சள் பழுப்பாக மாறும். ஆரஞ்சு நிறக் காய்களின் கரோட்டின் கறையும் வெளிச்சத்துக்கு மங்கிவிடும். ஈரமாகச் சுருட்டி வைத்து மறந்த துணியில் வருகிற பூஞ்சையின் கரும்புள்ளி மட்டும் எனக்கு முழுதாகப் போனதே இல்லை. பரவலாகப் புள்ளி வந்த துணியைக் கழித்துவிட்டேன்.

பாப்பா டயப்பரை விட்டபின் எல்லாவற்றையும் தூளின் சுவடே இல்லாமல் அலசி, மொறமொறவெனக் காயவைத்து, எலாஸ்டிக்கை இழுக்காமல் தளர்வாக மடித்துப் பருத்திப் பையில் வைத்தோம். இரண்டு வருடம் கழித்து, தம்பிப் பாப்பாவுக்காகப் போன மாதம் பையைத் திறந்தோம். நான்கு வெள்ளைத் துணிகளில் மங்கலான மஞ்சள் திரும்ப வந்திருந்தது. நனைத்து, மூலைக்கொரு கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். பாப்பா கீழே நின்று, "ஏம்பா இது மட்டும் மஞ்சளா இருக்கு?" என்று கேட்டாள். "நீ போட்டிருந்தது" என்றேன். சாயங்காலம் இரண்டு வெளுத்திருந்தன. மற்ற இரண்டையும் அப்படியே மடித்து மேலே வைத்திருக்கிறேன், இன்றிரவு தம்பிக்கு அதில் ஒன்று.